649 ரூபாய் கிளிப் லென்ஸ், தோசைமாவு ஃப்ரிட்ஜ், அப்புறம் ஒரு ஈ

போன் கேமரா மேல் மாட்டுகிற இந்த கிளிப் லென்ஸை நான் பனித்துளி, பூவின் மகரந்தம், எறும்பின் மூஞ்சி எல்லாம் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வாங்கவில்லை. ஈ பார்க்க வாங்கினேன். அதனால் "போர்ட்ரெய்ட் எப்படி வருது, நைட்ல எப்படி வருது" என்று தேடி வந்தவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் உட்கார்ந்து படிக்கலாம், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரி. ஒரு தடவைக்கு 150 முட்டைத் தொகுதி (ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் முட்டையெல்லாம் சேர்ந்து ஒரு தொகுதி) வைப்போம், முட்டையைப் பொரித்து வளர்த்துக் கொடுக்கும் சாக்கி சென்டரிலிருந்து குட்டிப்புழுவாகவே வாங்கி வந்துவிடுவோம். போன வருஷம் ஆடி மாதப் பயிரில் (ஒரு தடவைப் புழு வளர்ப்பைப் பயிர் என்போம்), புழு கூடு கட்டும் தட்டான சந்திரிகையிலிருந்து கூடு பிரிக்கும்போது பத்துக்கு ஒன்று ஓட்டை. ஓட்டைக் கூட்டில் நூல் எடுக்க முடியாது, இழை அந்த இடத்தில் அறுந்து அறுந்து போகும், தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோனால் அந்தக் குவியலைத் தனியாகத் தள்ளி வைக்கச் சொல்வார்கள், விலையைக் கேட்டால் பஸ் காசுக்குக் காணாது. காரணம் ஊசி ஈ. அது பட்டுப்புழு மேல் முட்டை போடும், அதன் குட்டி புழுவுக்குள்ளேயே வளர்ந்து, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதிலிருந்து எங்கள் அப்பாவுக்கு ஷெட்டுக்குள் எந்த ஈயைப் பார்த்தாலும் ஊசி ஈதான். டீக்கடையில் டம்ளர் மேல் உட்கார்ந்திருக்கும் ஈயையும் ஒருமாதிரி பார்க்கிறார்.

(ஊசி ஈ என்று நாம் சொல்வதற்கும் ஊசிக்கும் சம்பந்தம் கிடையாது. ஜப்பான்காரர்கள் புழுவை, அதாவது ஈயின் புழுவை, 'உஜி' என்பார்கள். அது இங்கே வந்து ஊஜி ஆகி, அப்புறம் ஊசி ஆகிவிட்டது. இந்த ஈ 1980ல் மேற்கு வங்காளத்திலிருந்து பட்டுக்கூடோடு கூடாகக் கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்தது. கர்நாடகம் நமக்குப் பக்கத்து வீடு, மிச்சத்தைச் சொல்லவா வேண்டும்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயிரில் புழு கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்துக்கு வந்த இரண்டாம் நாள் காலையில் ஜன்னல் வலையில் ஒரு ஈ. நல்ல பெரிசு, சாம்பல் நிறம், கண் செங்கல் சிவப்பு. வலைக்கு வெளிப்பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தது, ஆனாலும் அப்பா "வந்துட்டான்டா" என்று கத்தினார். எனக்கு அது ஊசி ஈ மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான் பார்த்த ஊசி ஈ எல்லாம் செத்துக் கிடந்ததுதான், உயிரோடு நிதானமாகப் பார்த்ததே இல்லை. போனில் ஏற்கனவே மேக்ரோ என்று ஒரு கேமரா இருக்கிறதே என்று அதில் எடுத்தேன். 2 மெகாபிக்சல். வந்தது ஈ இல்லை, ஈ மாதிரி ஒரு கறை. அந்தக் கறையை, படம் போட்டால் பூச்சி பெயர் சொல்லும் ஒரு ஆப்பில் போட்டேன். கொஞ்சமும் தயங்காமல் 'வீட்டு ஈ' என்றது. அந்த ஆப்பின் பெயர் வேண்டாம், அதைக் குற்றம் சொல்லியும் பயனில்லை, நான் கொடுத்த படத்தில் ஈ இருந்தது என்று கண்டுபிடித்ததே பெரிய விஷயம்.

அன்றைக்கு ராத்திரியே லென்ஸ் ஆர்டர் போட்டேன். 649 ரூபாய், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டது. டெலிவரி பையன் வழக்கம்போல ஊர் முனையில் நின்றுகொண்டு "சார் எங்க சார்" என்றான், அது தனிக் கதை. இந்த மூன்று நாளில் ஈயை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் அட்டையைச் சொருகி, சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். என் மனைவிக்கு அது தெரிந்தது அடுத்த நாள், ஐஸ் எடுக்கப் போனபோது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

பெட்டிக்குள் என்ன இருந்தது: ஒரு கிளிப், அதில் திருகும் மேக்ரோ லென்ஸ், யாருக்கும் வேண்டாத ஒரு வைட் லென்ஸ், துடைக்கத் துணி, அப்புறம் லென்ஸைச் சுற்றி மாட்டுகிற மாதிரி ஒரு குட்டி எல்.இ.டி. வளையம். லென்ஸ் மேல் 15எக்ஸ் என்று போட்டிருக்கிறது, அந்தக் கணக்கை நான் நம்பவும் இல்லை, அளந்து பார்க்கவும் இல்லை. கண்ணாடி லென்ஸ்தான், பிளாஸ்டிக் இல்லை, கையில் வைத்தால் கனம் தெரிகிறது. கிளிப்பின் உள்பக்கம் ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள், அது ஒரு மாதத்திலேயே ஒரு ஓரம் பிரிந்துவிட்டது, ஃபெவிக்விக் போட்டேன். எல்.இ.டி. வளையம் மூன்று வாரம் எரிந்தது, அப்புறம் எரியவில்லை. விற்றவருக்கு மெசேஜ் போட்டேன், "பிரதர் சார்ஜ் போட்டு பாருங்க" என்று பதில் வந்தது. அது பட்டன் செல்லில் எரிகிற வகை. என்ன சொல்ல.

முதல் அரை மணி நேரம் லென்ஸைத் திட்டிக்கொண்டே இருந்தேன், படம் எல்லாம் கருப்பாக வந்தது. அப்புறம்தான் புரிந்தது, தப்பு போனில். இப்போது வரும் போன்களில் மூன்று கேமரா இருக்கிறது, பொருள் பக்கத்தில் வந்தால் போனே ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும், நாம் லென்ஸை மாட்டியிருப்பது மெயின் கேமராவில், அது தாவியது கிளிப்பின் பிளாஸ்டிக் மூடியிருக்கும் கேமராவுக்கு. செட்டிங்கில் போய் அந்தத் தானாக மாறும் வேலையை நிறுத்துங்கள், பாதி ரிவ்யூக்களில் ஒரு ஸ்டார் போட்டவர்கள் எல்லாரும் இதில்தான் மாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது தூரம். ஈக்கும் லென்ஸுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி, அவ்வளவுதான். அதைவிடத் தள்ளினால் மங்கல், கிட்டே போனால் மங்கல், அதோடு போனின் நிழலே ஈ மேல் விழும். தெளிவாகத் தெரிகிற ஆழம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். ஈயின் கண் தெளிவாக இருந்தால் முதுகு மங்கல், முதுகு தெளிவாக இருந்தால் கால் மங்கல். ஃபோட்டோ எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள். போகஸைப் பூட்டிவிட்டு, இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால் ஏதாவது ஒரு கணத்தில் தேவையான இடம் பளிச்சென்று வந்துவிடும், அந்த இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் அடித்துக்கொள்ளலாம். உயிருள்ள ஈயாக இருந்தால் டப்பாவோடு ஃப்ரிட்ஜில் ஐந்து நிமிஷம், குளிரில் சுருண்டு அசையாமல் இருக்கும், வெளியே எடுத்தால் ஓரிரு நிமிஷத்தில் எழுந்துகொள்ளும், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். தோசைமாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மூடியிருந்தாலும் வைக்காதீர்கள்.

இப்போது ஈ.

எனக்கு ஆரம்பத்தில் இருந்த நினைப்பு, நல்ல படம் ஒன்று எடுத்துவிட்டால் போதும் என்பது. ஃப்ரீசரில் இருந்ததை எடுத்து, வெள்ளைத்தாள் மேல் வைத்து, மேலிருந்து அருமையாக ஒரு படம் எடுத்தேன், காலண்டரில் போடலாம். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஈக்களில் நூற்றைம்பதுக்கும் மேல் குடும்பங்கள் இருக்கின்றன, அதில் சாம்பல் நிறம், முள்முள்ளாக முடி, சிவந்த கண் என்று ஒரே யூனிஃபார்ம் போட்ட கூட்டம் மட்டுமே நாலைந்து குடும்பம். ஷெட்டுப் பக்கம் வருகிறவை பெரும்பாலும் அந்தக் கூட்டம்தான்: வீட்டு ஈயின் மஸ்கிடே, இறைச்சி ஈயின் சார்க்கோபேஜிடே, ஊசி ஈயின் டாக்கினிடே. பச்சையாக, நீலமாக மின்னுகிற காலிபோரிடே ஈயை நிறத்திலேயே ஒதுக்கிவிடலாம். மற்ற மூன்றையும் பிரிக்கத்தான் லென்ஸ்.

முதலில் முதுகுக் கோடு எண்ணினேன். தலைக்குப் பின்னால், இறக்கைக்கு நடுவில் இருக்கும் முதுகில் நீளவாக்கில் கருப்புக் கோடுகள் இருக்கும். இறைச்சி ஈக்கு மூன்று. ஊசி ஈக்கு நான்கு. என் ஈக்கு மூன்று. எண்ணி முடித்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு "நாலு" என்றார். ஓரத்தில் இருந்த நிழலையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். போனைத் திருப்பி, வெளிச்சத்தை மாற்றி இன்னொன்று எடுத்தேன், மூன்றுதான். வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரி கருப்பும் வெள்ளையுமாகக் கட்டம், ஈயைக் கொஞ்சம் திருப்பினால் கருப்பு இருந்த இடம் வெள்ளையாகவும் வெள்ளை இருந்த இடம் கருப்பாகவும் மாறுகிறது, அது இறைச்சி ஈயிடம் வழக்கமாகப் பார்க்கிற ஜாலம். அப்புறம் மூஞ்சியை எடுத்தேன். இரண்டு கண்ணுக்கும் நடுவில் குட்டிக் கொம்பு இரண்டு தொங்கும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முடி பக்கவாட்டில் நீளும். இறைச்சி ஈக்கு அந்த முடியின் அடிப்பாதி மட்டும் கோழியிறகு மாதிரி கிளை விட்டிருக்கும், நுனி மொட்டையாக இருக்கும். அது அப்படியே தெரிந்தது. 649 ரூபாயில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அந்த முடிதான்.

ஆக அது இறைச்சி ஈ. புழுவைத் தேடி வரவில்லை, பிணத்தைத் தேடி வந்திருக்கிறது. இது முட்டை போடாது, நேராகக் குட்டிப்புழுவையே அழுகலின் மேல் போட்டுவிட்டுப் போகும். நோய் வந்து செத்த புழுக்களைப் பொறுக்கி ஜன்னலுக்கு அடியில் ஒரு கூடையில் போட்டு வைத்திருந்தோம், சாயங்காலம் புதைக்கலாம் என்று. சாயங்காலம் என்பது இரண்டு நாள் ஆகியிருந்தது. கூடையைக் காலி செய்து, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த தண்ணீரில் போட்டதும் அந்த ஈக்கள் வருவது நின்றது. இங்கே ஒரு விஷயம், இறைச்சி ஈயில் எந்த இனம் என்று கேட்டால் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் நிபுணர்களே சொல்கிறார்கள். எனக்கு அது தேவையே இல்லை, குடும்பம் தெரிந்தால் கூடையைத் தூக்குவதா வலையைத் தைப்பதா என்று முடிவு செய்துவிடலாம்.

லென்ஸ் வந்த மறுநாள் சாயங்காலம், தழை போடும்போது ஷெட்டுக்கு உள்ளேயே இன்னொரு ஈ. இந்தத் தடவை அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் "மூணு கோடாத்தான் இருக்கும்" என்று தெனாவட்டாகப் பிடித்தேன்.

நான்கு.

வயிறு கலங்கிவிட்டது, ஆனால் நான்கு கோடு வீட்டு ஈக்கும் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். கோட்டை மட்டும் எண்ணி ஊசி ஈ என்று முடிவு கட்டினால் அடுப்படி ஈக்கெல்லாம் பயப்பட வேண்டியதுதான். ஸ்கேல் வைத்து அளந்தேன், 11 மில்லிமீட்டர். வீட்டு ஈ பெரும்பாலும் 6, 7 மில்லிமீட்டர்தான். கொம்பு முடியைப் பார்த்தேன், வீட்டு ஈக்கு அந்த முடி நுனிவரை இறகு மாதிரி இருக்கும், இதற்கு வழுக்கை, ஒரே ஒரு மொட்டைக் கம்பி. வயிறு பின்பக்கம் கூம்பிக்கொண்டு போகிறது, அதில் துடைப்பக் குச்சி மாதிரி தடித்த முடிகள் நட்டுக்கொண்டு நிற்கின்றன. இதற்கே முக்கால்வாசி முடிவாகிவிட்டது. கடைசி அடையாளம் ஒன்று இருக்கிறது, அதை மேலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் பார்க்கவே முடியாது. முதுகு முடியும் இடத்தில் ஒரு முக்கோணத் தட்டு இருக்கும். அதற்கு நேர் கீழே, வயிறு ஆரம்பிப்பதற்கு முன்னால், இந்த மூன்றில் டாக்கினிடே குடும்பத்துக்கு மட்டும் உருண்டையாக ஒரு குட்டித் தொப்பை புடைத்துக்கொண்டிருக்கும். வீட்டு ஈக்கும் இறைச்சி ஈக்கும் அந்த இடம் தட்டையாக இருக்கும். இறக்கையின் அடியில் வெள்ளையாக ஒரு செதில் மறைக்கும், அதனால் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, தீக்குச்சியால் இறக்கையை மெல்ல ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். நான் தீக்குச்சியைப் பிடிக்க, என் மனைவி வீடியோ எடுத்தாள், "இதுக்கா என்னைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்தீங்க" என்று கேட்டுக்கொண்டே. நாலாவது வீடியோவில் தொப்பை தெரிந்தது, விளிம்பில் வெளிச்சம் பட்டு ஒரு குட்டி மிளகு மாதிரி.

டாக்கினிடே. உலகம் முழுக்க 8,000 இனங்களுக்கு மேல் இருக்கிற பெரிய குடும்பம், பெரும்பாலானவை வேறு பூச்சிகளின் உடம்புக்குள் வளர்கின்றன, நம் ஊர்க் கத்தரித் தோட்டத்துக்கு அதில் பல ஈக்கள் நண்பர்கள், பட்டுக்காரனுக்குத்தான் எதிரி. ஆனாலும் என் கண்ணை நானே நம்பாமல் மேல், பக்கம், மூஞ்சி என மூன்று படத்தையும், அளவு, ஊர், தேதி, எங்கே பிடித்தது என்ற விவரத்தையும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டேன். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் 2008ல் ஆரம்பித்த தளம் அது, ஈ பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், காசு கிடையாது. இரண்டு நாளில் ஒருவர் டாக்கினிடே என்று குறித்துவிட்டார். மூன்று கோணமும் இருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அந்தக் காலண்டர் படத்தை முன்னாலேயே தனியாகப் போட்டிருந்தேன், அது இன்னமும் 'ஈ' என்ற அளவிலேயே நிற்கிறது.

அவர் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே டார்ச் அடித்துக்கொண்டு புழுப் படுக்கையைப் பார்த்தோம். இங்கேதான் லென்ஸ் உண்மையிலேயே காசை ஈட்டியது. ஊசி ஈயின் முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பால்வெள்ளை, நீள்வட்டம், புழுவின் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும், மடிப்பு ஓரத்தில் இருந்தால் வெறுங்கண்ணுக்குச் சுண்ணாம்புத் தூள் மாதிரிதான் தெரியும், நாங்களே படுக்கையில் சுண்ணாம்பு தூவியிருக்கிறோம் வேறு. லென்ஸில் பார்த்தால் தூள் உருவமில்லாமல் இருக்கிறது, முட்டை அரிசிக் குறுணை மாதிரி வழவழவென்று இருக்கிறது. முட்டை பொரிய இரண்டு மூன்று நாள், பொரிந்து குட்டி உள்ளே துளைத்துக்கொண்டு போன இடத்தில் கரும்புள்ளி விழும். முட்டை ஒட்டியதும் கரும்புள்ளி விழுந்ததுமாக 23 புழு பொறுக்கினோம். கதவுக்கு மேலே வலை ஒரு சாண் கிழிந்திருந்தது, அதைத் தைத்தோம். பக்கத்துத் தோட்டத்து மாமா ஊசி ஈயைக் கொல்லும் மாத்திரை இரண்டு கொடுத்தார், தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தட்டில் ஊற்றி ஜன்னல் அடியில் வைத்தால் ஈ அதில் வந்து விழும். கூடு பிரித்தபோது ஓட்டை இருந்தது, இல்லாமல் இல்லை, ஆனால் போன வருஷம் மாதிரி குவியலாக இல்லை, ஒரு சொம்பில் அடங்கியது.

கிருஷ்ணகிரியில் நகைக்கடைக்காரர் ஒருவர் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10எக்ஸ் லென்ஸை போன் முன்னால் பிடித்தும் முயன்று பார்த்தேன், படம் இதற்குச் சற்றும் குறையவில்லை, கை மூன்று வேண்டும் என்பதுதான் கஷ்டம். வீட்டில் அது ஏற்கனவே இருந்தால் இதை வாங்க வேண்டியதில்லை. கிளிப் வகையில் வாங்குவதென்றால் கண்ணாடி லென்ஸா என்று பாருங்கள், எல்.இ.டி. வளையத்துக்காக நூறு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள், டெம்பர் கிளாஸ் தடியாக ஒட்டியிருக்கும் போனில் கிளிப் வழுக்குகிறது. ஓரங்களில் படம் இழுத்துக்கொண்டு போகிறது, நடுவில் பாதிதான் உபயோகம், ஈக்கு அது போதும். ஐந்துக்கு மூன்றரை. ரப்பர் பிரியாமல் இருந்திருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.

லென்ஸ் இப்போது என்னிடம் இல்லை. மாமா வாங்கிக்கொண்டு போய் பத்து நாள் ஆகிறது. நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு ஈ அனுப்பியிருந்தார், "மாப்ள இது எந்தக் குடும்பம்" என்று. மேலிருந்து எடுத்திருக்கிறார், பளிச்சென்று, காலண்டர் மாதிரி. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பக்கவாட்டில் எடுங்கள் மாமா என்றேன். அத்தை ஃப்ரிட்ஜைத் தொட விடமாட்டேன் என்கிறாராம்.